சின்ன டி.இ.இ. ப்ரோப் அறுவையின் நடுவில் மக்கர் செய்தால்

டி.இ.இ. என்பது ப்ரோப் என்ற வளையும் கருவியை உணவுக்குழாய்க்குள் இறக்கி, அல்ட்ராசவுண்டால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ பரிசோதனை. பெரியவர்களுக்கான டி.இ.இ. ப்ரோப்பின் தலை 14 முதல் 17 மி.மீ. வரை அகலம் இருக்கும். குழந்தைகளுக்கான மினி ப்ரோப்பில் அது ஏறத்தாழ 11 மி.மீ. பச்சிளங் குழந்தைகளுக்கான மைக்ரோ ப்ரோப்பில் தலை 7.5 மி.மீ., தண்டு 5 மி.மீ. சொச்சம். இவை போக, ஒரே நோயாளிக்கு மட்டும் பயன்படுத்தி, 72 மணி நேரம் வரை உள்ளேயே விட்டுவைக்கக்கூடிய சுமார் 6 மி.மீ. ப்ரோப்பும் உண்டு. பச்சிளங் குழந்தைக்கும், உணவுக்குழாய் குறுகலான பெரியவருக்கும், மணிக்கணக்கில் இதயத்தைக் கண்காணிக்க வேண்டிய நோயாளிக்கும் இந்தச் சின்ன ப்ரோப்கள்தான் கை கொடுக்கின்றன.

அவற்றில் வரும் தொல்லைகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதே சிலதான். தியேட்டரில் நிற்கும் இளம் மயக்க மருத்துவர்கள், எக்கோ டெக்னீஷியன்கள், நர்ஸ்கள் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் சுலபமான காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

படம் போனால் கை தானாகவே எக்கோ மெஷினின் குமிழ்களுக்குப் போகும். அதற்கு முன் கண் நோயாளியின் மானிட்டருக்குப் போக வேண்டும். ஈசிஜி, ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் வைத்து பிரஷர் பார்க்கும் குழாய்) அலை, ஆக்சிஜன் அளவு, மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு, டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் போய்வரும் காற்றின் அளவு). இவற்றை ஒரு சுற்றுப் பார்க்கச் சில நொடிகள் போதும். இதயம் சுருங்காமல் நிற்பதை, படம் ஃப்ரீஸ் ஆகிவிட்டது என்று நினைத்து பட்டனைத் தட்டிக்கொண்டிருக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

மானிட்டரில் எல்லாம் சரியாக இருக்கிறதா? அப்படியானால் அவசரமில்லை, கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள். ஏதாவது ஒன்று சரிந்திருந்தால் நேராக அடுத்த பகுதிக்குப் போங்கள். படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

## ப்ரோப் இறக்கியதும் குழந்தையின் நிலை மோசமாகிறது

இதைத்தான் முதலில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் ப்ரோப் சின்னது என்ற நம்பிக்கையில் இதைத்தான் எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள். மூன்று கிலோ குழந்தையின் மார்புக்குள் உணவுக்குழாய்க்கு முன்னால் மூச்சுக்குழாயும் இடது மேலறையும், பின்னால் இறங்கு மகாதமனியும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அங்கே ஏழரை மி.மீ. என்பது சின்னதே அல்ல.

### மூச்சு விஷயத்தில் மாற்றம் தெரிந்தால்

வென்டிலேட்டரை எந்த முறையில் வைத்திருக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். வால்யூம் கன்ட்ரோலில் இருந்தால் காற்றுப்பாதை அழுத்தம் ஏறும், அலாரம் அடிக்கும். பிரஷர் கன்ட்ரோலில் இருந்தால் அழுத்தம் அப்படியே இருக்கும், டைடல் வால்யூம் மட்டும் சத்தமில்லாமல் இறங்கும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பிரஷர் கன்ட்ரோல்தான் வைக்கிறோம். ஆகவே ப்ரோப் இறக்குவதற்கு முன் டைடல் வால்யூம் எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லி, இறக்கிய பிறகு மறுபடி சொல்லும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவர் காதில் இரண்டு எண்களும் விழுந்தாலே வித்தியாசத்தை அவரே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்.

செய்ய வேண்டியவை இந்த வரிசையில்:

1. முனையின் வளைவை நேராக்குங்கள். வளைவை அப்படியே நிறுத்திவைக்கும் லாக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.
2. சரியாகவில்லை என்றால் ப்ரோப்பைச் சில செ.மீ. மேலே இழுங்கள், அல்லது முழுதாக வெளியே எடுங்கள். எடுக்கும்போது ஒரு கையால் மூச்சு ட்யூபைப் பிடித்துக்கொள்ளுங்கள்.
3. எடுத்ததும் வால்யூம் திரும்பினால் காரணம் ப்ரோப் அழுத்தியதுதான். வேறு கோணத்தில் ஒரு முறை முயலலாம். மறுபடியும் அதே நிலை என்றால் அந்தக் குழந்தைக்கு இந்த வழி வேண்டாம். சர்ஜனிடம் சொல்லி, இதயத்தின் மேலேயே வைத்துப் பார்க்கும் எபிகார்டியல் எக்கோவுக்கு மாறுங்கள்.
4. எடுத்தும் திரும்பவில்லை என்றால் மூச்சு ட்யூப் இடம் மாறியிருக்கிறது, மடிந்திருக்கிறது, அல்லது வெளியே வந்துவிட்டது. இரு பக்கமும் மூச்சொலி கேளுங்கள், லாரிங்கோஸ்கோப் போட்டுப் பாருங்கள்.

நான்காவது நிலைக்கு வந்துவிட்டால் தனியாக நிற்க வேண்டாம். தியேட்டரில் இருக்கும் மூத்த மயக்க மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

### ஆர்ட்டீரியல் அலை மட்டும் தட்டையானால்

ஈசிஜி நன்றாக இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடு நன்றாக இருக்கிறது, ஆனால் வலது கை ரேடியல் (மணிக்கட்டுத் தமனி) லைனின் அலை கூர்மையை இழந்து மேடாக உருண்டுவிடுகிறது. லைனில் காற்றுக் குமிழியோ ரத்தக் கட்டியோ இருக்கிறதா என்று ஃப்ளஷ் செய்து பாருங்கள். அதில் சரியாகவில்லை என்றால் மற்றக் கையில் கஃப் வைத்து பிரஷர் எடுங்கள்.

இடது கையில் பிரஷர் நன்றாக இருந்து வலது கையில் மட்டும் இல்லையா? வலது கைக்குப் போகும் சப்கிளேவியன் தமனி சிலருக்குப் பிறவியிலேயே உணவுக்குழாய்க்குப் பின்னால் சுற்றிப் போகும். ப்ரோப் அதை முதுகெலும்போடு சேர்த்து நசுக்கிவிடுகிறது. ப்ரோப்பை மேலேயோ கீழேயோ நகர்த்திப் பாருங்கள், அலை உடனே எழுந்தால் விடை கிடைத்துவிட்டது. வலது கை பல்ஸ் ஆக்சிமீட்டரின் அலை மட்டும் காணாமல் போனாலும் இதே சந்தேகம் வர வேண்டும். இப்படி ஒரு குழந்தைக்கு வலது கை லைனை நம்பி மருந்து ஏற்றிக்கொண்டே போனால், இல்லாத தாழ்வழுத்தத்துக்கு மருந்து கொடுத்தவர் ஆவோம்.

தொடை லைன் மட்டும் தட்டையானால் இறங்கு மகாதமனியை ப்ரோப் அழுத்துகிறதா என்று பாருங்கள். மருந்தும் இதே: முனையை நேராக்கு, நகர்த்து.

### எல்லா இடத்திலும் பிரஷர் இறங்கினால்

முனையை முன்பக்கம் வளைத்ததும் இறங்குகிறது, நேராக்கினால் ஏறுகிறது என்றால் இடது மேலறை அழுந்துகிறது. டி.ஏ.பி.வி.சி. (நுரையீரல் சிரைகள் இடது மேலறைக்கு வராமல் வேறிடத்தில் சேரும் பிறவிக் குறை) உள்ள குழந்தைகளிடம் இன்னும் கவனம் வேண்டும். அவர்களுக்கு நுரையீரல் சிரைகள் ஒன்றுசேரும் இடம் இதயத்துக்குப் பின்னால், ப்ரோப்புக்கு நேர் முன்னால் இருக்கும். அதை அழுத்தினால் நுரையீரலிலிருந்து ரத்தம் திரும்பும் வழியே அடைபடும். இந்தக் குழந்தைகளுக்கு மார்பைத் திறந்த பிறகு எபிகார்டியல் எக்கோ பார்ப்பதையோ, சரிசெய்து முடித்த பிறகே ப்ரோப் இறக்குவதையோ நான் விரும்புவேன். முனையை நேராக்கியும் பிரஷர் ஏறவில்லை என்றால் ப்ரோப்பை எடுத்துவிட்டு மற்றக் காரணங்களைத் தேடுங்கள். சர்ஜன் இதயத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறாரா என்று திரைக்கு மேலே எட்டிப் பார்ப்பதும் அதில் ஒன்று.

## ப்ரோப் உள்ளே போக மறுக்கிறது

முதலில் லாக். குமிழ் லாக்கில் இருந்தால் முனை வளையாது, எங்கோ முட்டி நிற்கும். அடுத்து ஜெல் போதுமா என்று பாருங்கள். அப்புறம் கழுத்து: அதிகமாகப் பின்னால் சாய்ந்திருந்தால் கொஞ்சம் முன்னால் கொண்டுவாருங்கள். தாடையை முன்னால் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், ப்ரோப்பை நடுக்கோட்டில் வையுங்கள். பக்கவாட்டில் போனால் தொண்டையின் ஓரக் குழியில் சிக்கும். அங்கே தள்ளுவதுதான் ஆபத்து, மெல்லிய ப்ரோப் அங்கே சுலபமாக மடிந்துகொள்ளும்.

இரண்டு முயற்சிக்குப் பிறகும் போகவில்லை என்றால் லாரிங்கோஸ்கோப் போட்டுக் கண்ணால் பார்த்து இறக்குங்கள். மூச்சு ட்யூபின் கஃப் அதிகமாக ஊதியிருந்தாலும் பின்னால் உணவுக்குழாய் நசுங்கும், அதையும் கவனியுங்கள்.

அப்போதும் தடுக்கிறதா? நிறுத்துங்கள். பழைய கேஸ் ஷீட்டைத் திறந்து, விழுங்கக் கஷ்டம், உணவுக்குழாய் அறுவை, குறுகல், டைவர்ட்டிகுலம் (சுவரில் பை போன்ற புடைப்பு), ட்ரக்கியோ ஈசோஃபேஜியல் ஃபிஸ்டுலா (மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே துளை), வேரிசஸ் (புடைத்த சிரைகள்) என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் மெல்லிய ப்ரோப் என்பது அனுமதிச் சீட்டு ஆகிவிடாது. இரைப்பைக் குடல் நிபுணரிடம் கேட்ட பிறகே தொட வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கொடுத்த பிறகு முதல் முறையாக இறக்குவதையும் கூடியவரை தவிருங்கள்.

எடையையும் சரிபாருங்கள். மைக்ரோ ப்ரோப்புக்குத் தயாரிப்பாளர் சொல்லும் கீழ் வரம்பு 2.5 கிலோ. மினி ப்ரோப்புக்கு அது 3.5 கிலோ அளவில் இருக்கும். பெரியவர் ப்ரோப்பைப் பொதுவாக 25, 30 கிலோவுக்கு மேல்தான் எடுப்போம்.

## திரை முழுக்கக் கறுப்பு

இது வேகமாக முடிகிற வேலை. ஃப்ரீஸ் பட்டன் அழுந்தியிருக்கிறதா? மெஷினில் வேறு ப்ரோப் தேர்வாகியிருக்கிறதா? கனெக்டர் முழுதாக உள்ளே போய் நெம்புகோல் திரும்பியிருக்கிறதா? கழற்றும் முன் ஃப்ரீஸ் செய்துவிட்டுக் கழற்றி, வெளிச்சத்தில் பின்களைப் பாருங்கள். ஒரு பின் வளைந்திருந்தாலோ ஈரம் தெரிந்தாலோ திரும்பச் செருக வேண்டாம். எல்லாம் சுத்தமாக இருந்தால் வேறு போர்ட்டில் போட்டுப் பாருங்கள், அப்புறம் மெஷினை ஒரு முறை நிறுத்தி இயக்குங்கள்.

வேறொரு ப்ரோப்பை அதே போர்ட்டில் போட்டால் படம் வருகிறது என்றால் கோளாறு ப்ரோப்பில். அதுவும் வரவில்லை என்றால் மெஷினில். இரண்டில் எதுவானாலும் பயோமெடிக்கல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். மெஷினையோ ப்ரோப் கைப்பிடியையோ நாமே திறக்கக் கூடாது.

## படம் வருகிறது, ஆனால் மங்கல்

கூப்பிட்ட பத்து அழைப்பில் பெரும்பாதி இதற்குத்தான் வரும். வருகிறவர் கை முதலில் படத்தின் பிரகாசத்தைக் கூட்டும் கெயினைத் திருகும். ஆனால் பெரும்பாலும் காரணம் காற்று. ப்ரோப்புக்கும் உணவுக்குழாய்ச் சுவருக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் இருந்தால் போதும், அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. மங்கல் எங்கே என்று முதலில் பாருங்கள்.

### விசிறி வடிவப் படம் முழுவதும் மங்கலாக இருந்தால்

இரைப்பையில் காற்று. மாஸ்க்கில் மூச்சு கொடுத்த குழந்தைக்கு இது நிச்சயம் இருக்கும். ப்ரோப் இறக்கும் முன்னரே இரைப்பை ட்யூப் போட்டு சக்ஷன் செய்துவிட்டு, ட்யூபை வெளியே எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் அந்த ட்யூப்பே ப்ரோப்பைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தும். ஏற்கெனவே ப்ரோப் உள்ளே இருந்தால், அதை எடுத்து சக்ஷன் செய்துவிட்டுத் திரும்ப இறக்குவதுதான் சுத்தமான வழி.

ப்ரோப்புக்கு உறை போட்டிருந்தால் தலைக்கும் உறைக்கும் நடுவே குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். உறைக்குள் ஜெல்லை ஊற்றி, தலையை உள்ளே விட்டு, விரலால் அழுத்திக் குமிழியை மேலே தள்ள வேண்டும்.

பெரியவரின் உணவுக்குழாயில் மெல்லிய ப்ரோப் போட்டிருக்கும்போது இன்னொரு காரணம் சேரும். குழாய் அகலம், ப்ரோப் ஒல்லி, ஆகவே தலை சுவரைத் தொடாமல் ஆடும். முனையைச் சற்றே முன்பக்கம் வளைத்து, ப்ரோப்பை இடமும் வலமும் மெதுவாகச் சுழற்றி, ஒரு செ.மீ. மேலே, ஒரு செ.மீ. கீழே என்று தேடுங்கள். படம் பளிச்சென்று ஒட்டிக்கொள்ளும் ஓர் இடம் இருக்கும். ஒட்டியதும் லாக் போட வேண்டாம், கையை மட்டும் அப்படியே நிறுத்துங்கள்.

### ஆழத்தில் மட்டும் இருட்டாக இருந்தால்

சின்ன ப்ரோப்பில் ஒலியை அனுப்பி வாங்கும் எலிமென்ட்கள் குறைவு. மினியில் 48, மைக்ரோவில் 32 என்ற அளவில் இருக்கும். அதிர்வெண்ணும் மேலே இருக்கும். குழந்தையின் இதயத்துக்கு அது அருமையாகப் போதும். பெரியவரின் கீழறை நுனி வரை எட்டுவதற்குத் திணறும். முதலில் ப்ரீசெட்டை (மெஷினில் முன்பே சேமித்த அமைப்பை) பாருங்கள், முந்தைய கேஸுக்காகக் குழந்தை ப்ரீசெட்டில் விட்டிருப்பார்கள். அப்புறம் அதிர்வெண்ணைக் குறைத்து, ஃபோகஸை ஆழத்துக்கு இறக்கி, ஆழம் வாரியாகப் பிரகாசத்தை மாற்றும் டி.ஜி.சி. யின் கீழ் நெம்புகளை மட்டும் தள்ளுங்கள். மொத்த கெயினையும் ஏற்றினால் அருகில் எல்லாம் வெளுத்துப் போகும், ஆழம் தெரியாது. விசிறியின் அகலத்தையும் ஆழத்தையும் தேவைக்கு மேல் வைக்காமல் குறைத்தால் ஃப்ரேம் ரேட்டும் ஏறும்.

இதற்கு மேலும் தெரியவில்லை என்றால் கோளாறு எதுவும் இல்லை, அதுவே அந்த ப்ரோப்பின் எல்லை. என் கருத்து இதுதான்: கண்காணிப்புக்கு அந்தப் படம் போதுமா, முடிவெடுக்கப் போதுமா என்று தனித்தனியே கேளுங்கள். 2013 இல் அமெரிக்க எக்கோ சங்கமும் இதய மயக்க மருத்துவர்களின் சங்கமும் முழுப் பரிசோதனைக்கு 28 காட்சிகளைச் சொன்னாலும், அடிப்படைக் கண்காணிப்புக்கு 11 காட்சிகளை மட்டும்தான் கேட்டன. கீழறை நிரம்பியிருக்கிறதா, எல்லாச் சுவர்களும் சுருங்குகின்றனவா, இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கியிருக்கிறதா என்பதை மங்கல் படத்திலும் சொல்லலாம். தைத்த மைட்ரல் வால்வு கசிகிறதா, மறுபடி பைபாஸில் (இதய நுரையீரல் இயந்திரத்தில்) ஏற வேண்டுமா என்ற முடிவை அதை வைத்து எடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் நோயாளிக்கு ஏற்றதென்றால் பெரிய ப்ரோப், இல்லையென்றால் எபிகார்டியல் எக்கோ, கூடவே அனுபவமுள்ள எக்கோ நிபுணர். கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.

### ஒரு பக்கம் மட்டும் நிழல் விழுந்தால்

ப்ரோப்பைச் சற்றுச் சுழற்றுங்கள். நிழல் இடம் மாறினால் உள்ளே காற்றோ, கால்சியமோ, செயற்கை வால்வோ மறைக்கிறது. மூச்சுக்குழாய் மறைப்பதால் ஏறு மகாதமனியின் மேல் பகுதியும் வளைவின் தொடக்கமும் எந்த ப்ரோப்பிலும் சரியாகத் தெரியாது. அதற்காக ப்ரோப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

எப்படித் திருப்பினாலும் நிழல் அதே இடத்தில் நின்றால் எலிமென்ட் செத்திருக்கலாம். கேஸ் முடிந்து, ப்ரோப்பைச் சுத்தம் செய்த பிறகு ஒரு சோதனை: ஜெல் இல்லாமல் காற்றில் பிடித்து மெஷினை இயக்குங்கள். அருகில் சீரான பட்டைகள் தெரிய வேண்டும். பிறகு தலையில் ஒரு துளி ஜெல் வைத்து, மெல்லிய பேப்பர் கிளிப்பின் வளைந்த முதுகை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அழுத்தாமல் நகர்த்துங்கள். கிளிப் போகும் இடமெல்லாம் படத்தில் வெளிச்சம் எழ வேண்டும். ஓர் இடத்தில் எழாமல் விழுந்தால் அங்கே எலிமென்ட் போய்விட்டது. 32 உள்ள இடத்தில் இரண்டு போனாலே படம் கெடும். பழுதுபார்ப்பா, மாற்றா என்பதைப் பயோமெடிக்கல் பிரிவு தயாரிப்பாளரோடு பேசி முடிவு செய்யட்டும்.

### இரைப்பையிலிருந்து நன்றாகத் தெரிந்த இதயக் காட்சி திடீரென்று போனால்

சர்ஜன் இதயத்தைத் தூக்கியிருக்கிறார். பம்ப் இல்லாமல் செய்யும் இதயத் தமனி பைபாஸ் அறுவையில் இதயத்தை நிமிர்த்திப் பிடித்தால் அது இரைப்பைப் பக்கத்திலிருந்து விலகிவிடும். ப்ரோப்பைத் துரத்த வேண்டாம். உணவுக்குழாய் நடுவுக்கு ஏற்றி, நான்கு அறைக் காட்சியில் பாருங்கள்.

## திரையில் வெள்ளைப் பொரி, கோடு, இரைச்சல்

சர்ஜனின் கால் பெடலைக் கவனியுங்கள். பெடல் அழுந்தும்போது மட்டும் வந்து, விட்டதும் போனால் அது டயதர்மி, அதாவது மின்சாரத்தால் வெட்டி ரத்தத்தை நிறுத்தும் கருவி. ஈசிஜி வயர்களை டயதர்மி வயரிலிருந்து விலக்கி வையுங்கள், எக்கோ மெஷினை வேறு சாக்கெட்டில் போடுங்கள். முக்கியமான அளவு எடுக்கும்போது, "ஐந்து நொடி டயதர்மி வேண்டாம்" என்று சர்ஜனிடம் கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. ஈசிஜி குழம்பியதால் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் சிறு பதிவு) அரைகுறையாகப் பதிவானால், துடிப்புக் கணக்கில் பதிவதை விட்டு நொடிக் கணக்குக்கு மாற்றுங்கள். முப்பரிமாணப் படத்தைப் பல துடிப்புகளாகச் சேர்க்கும்போதும் இதே குழப்பம் வந்து தையல் போட்டதுபோல் கோடு விழும், அதற்கு மருந்து ஒரே துடிப்பில் எடுப்பது.

டயதர்மி நின்றும் இரைச்சல் நிற்கவில்லை என்றால் நோயாளியைச் சூடாக வைக்கும் கருவி, பம்ப், பக்கத்து மெஷின் என்று ஒவ்வொன்றாக நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். எதிலும் போகவில்லை என்றால் ப்ரோப் வயரின் கவசமோ தோலோ கிழிந்திருக்கலாம். தோல் கிழிந்த ப்ரோப் உணவுக்குழாயைச் சுடலாம். அந்தச் சந்தேகம் வந்தால் எடுத்துவிட வேண்டும், கேஸ் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பைபாஸிலிருந்து இறங்கும் நேரத்தில் வெள்ளைப் புள்ளிகள் விசிறி முழுக்க இல்லாமல், மேலறை கீழறைக்குள் மட்டும் மினுங்கி, ரத்தத்தோடு சேர்ந்து நகர்ந்தால் அது இரைச்சல் அல்ல. இதயத்துக்குள் மிச்சமிருக்கும் காற்று. உடனே சர்ஜனிடமும், பைபாஸ் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட்டிடமும் சொல்ல வேண்டும்.

## வெப்ப எச்சரிக்கை

ப்ரோப் தலையின் வெப்பத்தை மெஷினே காட்டும். 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எச்சரிக்கும், 43 ஐ நெருங்கினால் பல மெஷின்கள் தானாகவே நிறுத்திவிடும்.

பார்க்காத நேரத்தில் ஃப்ரீஸ் செய்யுங்கள். பாதித் தொல்லை இதிலேயே தீரும். கலர், டாப்ளர், முப்பரிமாணம் மூன்றும் தலையை அதிகம் சூடாக்கும், தேவை முடிந்ததும் சாதாரணப் படத்துக்குத் திரும்புங்கள். பவரைக் குறைத்துப் பாருங்கள். நோயாளிக்கே காய்ச்சலா என்றும் பாருங்கள்.

பைபாஸ் ஓடும் நேரம் முழுக்க ஃப்ரீஸில் வைப்பதை வழக்கமாக்குங்கள். குளிர்ந்த, ரத்த ஓட்டம் குறைந்த உணவுக்குழாய்க்குச் சூட்டை வெளியேற்றத் தெம்பு இருக்காது. முனையை நேராக்கி, லாக் எடுத்து விட்டுவைத்தால் ஒரே இடத்தில் அழுந்தவும் செய்யாது. ஃப்ரீஸில் இருந்தும் வெப்பம் ஏறிக்கொண்டே போனால் வெப்ப உணரி கெட்டிருக்கிறது, ப்ரோப்பை எடுத்துத் தனியே வையுங்கள்.

## குமிழைத் திருப்பினாலும் கோணமோ முனையோ மாறவில்லை

உங்கள் ப்ரோப்பால் அது முடியுமா என்று முதலில் கேளுங்கள். 72 மணி நேர ப்ரோப் ஒரே தளத்தில்தான் பார்க்கும். சின்ன ப்ரோப்கள் பலவற்றில் முன் பின் வளைவு மட்டும் உண்டு, இட வல வளைவு கிடையாது. அப்புறம் லாக்.

திரையில் கோண எண் மாறுகிறது, படம் மாறவில்லை என்றால் உள்ளே சுழற்றும் இழை அறுந்திருக்கலாம். குமிழைப் பாதி சுற்றிய பிறகுதான் முனை அசைகிறது என்றால் இழை தளர்ந்திருக்கிறது. இரண்டையும் தியேட்டரில் சரிசெய்ய முடியாது. முனை வளைந்த நிலையில் மாட்டிக்கொண்டால் மட்டும் அவசரம், அடுத்ததைப் படியுங்கள்.

## வெளியே எடுக்க வரவில்லை

இழுக்காதீர்கள். மெல்லிய தண்டு உணவுக்குழாய்க்குள் தன் மேலேயே மடிந்துகொண்டால் இழுக்க இழுக்க இன்னும் இறுகும்.

லாக் எடுங்கள், குமிழ்களை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மெதுவாக, தடுக்காத அளவுக்கு மட்டும், இரைப்பையை நோக்கி முன்னால் தள்ளுங்கள். அங்கே இடம் அதிகம், முனை நிமிர்ந்துவிடும். நிமிர்ந்ததும் மறுபடி இழுத்துப் பாருங்கள். வாயருகே ப்ரோப்பும் மூச்சு ட்யூபும் ஒரே பிளாஸ்டரில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், இது நடக்கிற விஷயம்தான்.

முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்து முனை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எண்டோஸ்கோப்பி செய்பவரையும் சர்ஜனையும் கூப்பிடுங்கள். அதுவரை யாரும் கை வைக்க வேண்டாம்.

## எடுத்த ப்ரோப்பில் ரத்தம்

லேசான சிவப்புக் கோடு என்றால் உதடு, நாக்கு, ஆடும் பல், அண்ணம் என்று வெளிச்சம் போட்டுப் பாருங்கள். ஹெப்பாரினை முறிக்கும் மருந்து கொடுத்தாயிற்றா என்று உறுதிசெய்யுங்கள். இரைப்பை ட்யூபில் புது ரத்தம் தொடர்ந்து வந்தால் இரைப்பைக் குடல் நிபுணர் வர வேண்டும்.

உணவுக்குழாய் துளைபட்டிருந்தால் தியேட்டரில் தெரியாமல் போகலாம். விழுங்கும்போது கடும் வலி, நெஞ்சு வலி, காய்ச்சல், கழுத்தில் தொட்டால் நறநறவென்று காற்று, எக்ஸ்ரேயில் நுரையீரல் உறைக்குள் புதிதாக நீர். பெரியவர் வலியைச் சொல்வார். குழந்தை சொல்லாது, பால் குடிக்க மறுக்கும், எச்சில் வழியவிடும். இவற்றில் எது வந்தாலும் வாய் வழியாக எதையும் கொடுக்காமல், அன்றே சி.டி. எடுத்து சர்ஜனிடம் காட்ட வேண்டும். ஆகவே வார்டுக்கு அனுப்பும் குறிப்பில், ப்ரோப் போட்டது, எத்தனை முயற்சி, ரத்தம் பார்த்ததா என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

## கசிவு மின்னோட்டச் சோதனையில் தேறவில்லை

ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும், சுத்தம் செய்யும் கட்டத்தில், ப்ரோப்பின் தோலில் ஓட்டை வழியே மின்சாரம் கசிகிறதா என்று பார்க்கும் இந்தச் சோதனை நடக்க வேண்டும். தேறவில்லை என்றால் கனெக்டரை உலர்த்தி, சோதனைக் கருவியின் வயரைச் சரிபார்த்து, ஒரு முறை மட்டும் திரும்பச் செய்யுங்கள். இரண்டாவது முறையும் தேறவில்லை என்றால் வாதம் வேண்டாம்.

ஓட்டை எங்கே என்று தெரிந்துகொள்ள, நல்ல வெளிச்சத்தில் தண்டை லேசாக வளைத்து, கையுறை போட்ட விரல் நுனியை அதன்மேல் ஓடவிடுங்கள். பல் பட்ட இடத்தில் ஊசிமுனை அளவு பள்ளமோ, வளையும் இடத்தில் ரப்பர் சுருங்கி மேடான வளையமோ விரலில் தட்டும். பல் உள்ள எந்த நோயாளிக்கும், கடிக்காமல் தடுக்கப் பல்லுக்கு நடுவே வைக்கும் பைட் பிளாக் இல்லாமல் ப்ரோப் இறக்கக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். கிருமிநீக்கத் திரவத்தில் சொன்ன நேரத்துக்கு மேல் ஊறவிடுவதும், பெட்டிக்குள் சுருட்டி வைப்பதும் இதே ரப்பரைத்தான் தின்னும். தொங்கவிட்டே வைக்க வேண்டும், முனைக்கு மூடி போட்டு. கைப்பிடியும் கனெக்டரும் திரவத்தில் முங்கக் கூடாது. ஊறவைத்த பிறகு நிறையத் தண்ணீரில் அலசுங்கள், மிச்சமிருக்கும் மருந்து அடுத்த குழந்தையின் தொண்டையைப் புண்ணாக்கும்.

தேறாத ப்ரோப்பைக் கிருமிநீக்கம் முடித்து, "பயன்படுத்த வேண்டாம்" என்று சீட்டு ஒட்டி, தேதியும் அறிகுறியும் எழுதி, மற்ற ப்ரோப்களோடு சேராமல் பயோமெடிக்கல் பிரிவிடம் கையில் கொடுங்கள். அலமாரியிலேயே தொங்கவிட்டால் இரவு அவசரக் கேஸில் யாராவது எடுத்துவிடுவார்கள்.